போர்க்கால ஆம்புலன்ஸ் தொண்டும் செங்கல் சுவரும்: லாரி பேக்கரின் கட்டடக்கலை

லாரன்ஸ் வில்ஃபிரட் பேக்கர் 1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். இந்தியாவில் லாரி பேக்கர் என்றால்தான் தெரியும். இரண்டாம் உலகப் போரில் தன்னார்வ ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குப் போனவர், வீடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பின் விளைவாக இந்தியாவுக்கே திரும்பி வந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் இங்கே கட்டடம் கட்டினார். போருக்கு முன்பே பர்மிங்ஹாம் கட்டடக்கலைப் பள்ளியில் படித்துத் தேறியவர் அவர். ஆகவே ஆம்புலன்ஸ் தொண்டர் ஒருவர் பின்னாளில் கட்டடக்கலைஞர் ஆனார் என்பது முழுக்கச் சரியில்லை. ஆனாலும் போருக்கு முந்தைய பேக்கர் சான்றிதழில் மட்டுமே கட்டடக்கலைஞர். இன்று அவர் பெயரால் அறியப்படும் கட்டட முறையின் பெரும்பகுதி அந்தப் பள்ளியில் கற்றதன்று. அது மருந்தும் ஆளும் போதாத இடங்களில் நோயாளிகளைக் கவனித்தபோது பழகிய பழக்கத்தில் வேர்கொண்டது.

பேக்கரின் குடும்பம் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது. இளவயதிலேயே அவர் குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சங்கத்தின்பால் ஈர்க்கப்பட்டார். குவேக்கர்கள் பாதிரியார் இல்லாமல், பாட்டும் பூசையும் இல்லாமல், கூடி அமைதியாக உட்கார்ந்து வழிபடுவார்கள். ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்களுடைய பழைய உறுதி. அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தில் பலிபீடம் இல்லை, சிலை இல்லை, வண்ணச் சாளரம் இல்லை. சுவரும் கூரையும் பெஞ்சும்தான். பேக்கருடைய பிற்காலக் கட்டடங்களில் அலங்காரத்துக்கென ஒட்டவைத்த எதுவும் இல்லாததற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணம்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது இளைய குவேக்கர்கள் சிலருக்கு ஒரு சங்கடம் எழுந்தது. கொல்லப் போக மனமில்லை. மற்றவர்கள் சாகும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கவும் மனமில்லை. பிலிப் நோயல்-பேக்கர் என்ற இளைஞர் முன்னின்று நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவைத் தொடங்கினார். (பெயர் ஒற்றுமை தவிர அவருக்கும் லாரி பேக்கருக்கும் உறவில்லை.) அந்தப் பிரிவினர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காயம்பட்ட வீரர்களை வண்டியிலும் ரயிலிலும் ஏற்றி மருத்துவமனைகளுக்குக் கொண்டுசேர்த்தார்கள். 1919-இல் கலைக்கப்பட்ட இந்தப் பிரிவு 1939-இல் மறுபடி உயிர்பெற்றது. இரண்டாம் போரின்போது பிரிட்டனில் மனச்சாட்சியின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்துப் பதிவு செய்துகொண்டவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களுள் 1,300-க்கும் மேற்பட்டோர் இந்தப் பிரிவில் சேர்ந்தார்கள். பர்மிங்ஹாமுக்கு அருகே நார்த்ஃபீல்டில் பயிற்சி முகாம் நடந்தது. வண்டி ஓட்டுதல், முதலுதவி, மருத்துவமனைப் பணிவிடை, நெடுந்தூர நடை ஆகியவை பாடங்கள். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும் சிறு கைச்செலவுப் பணமும் தந்தார்கள். குண்டுவீச்சுக்கு உள்ளான லண்டனிலும், பின்லாந்துப் பனியிலும், வட ஆப்பிரிக்கப் பாலையிலும் இந்தப் பிரிவின் வண்டிகள் ஓடின.

இந்தியாவுக்கும் ஒரு குழு வந்தது. குவேக்கர் தலைவரும் காந்தியின் நண்பருமான ஹொரேஸ் அலெக்சாண்டர் அதற்குத் தலைமை ஏற்று 1942-இல் வந்துசேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் மிதுனாப்பூரைப் புயல் தாக்கியபோதும், 1943 வங்கப் பஞ்சத்தின்போதும் அக்குழு நிவாரணப் பணி செய்தது. பேக்கர் இந்தக் குழுவில் இல்லை. அவர் போனது சீனாவுக்கு.

சீனப் பணி 1941-இல் தொடங்கியது. ஜப்பானியப் படை சீனத் துறைமுகங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. மருந்து உள்நாட்டுக்குச் செல்ல மிஞ்சியிருந்த தரைவழி, பர்மாவிலிருந்து யுன்னான் மலைகளுக்கு ஏறும் பர்மா சாலை ஒன்றே. 1942-இல் பர்மா விழுந்ததும் அதுவும் அடைபட்டது. அதன்பின் விமானத்தில் வந்து இறங்கும் மருந்தை மேற்குச் சீனா முழுவதும் லாரிகளில் கொண்டுசேர்ப்பதே ஆம்புலன்ஸ் பிரிவினரின் முதல் வேலையாயிற்று. பெட்ரோல் கிடைக்கவில்லை. லாரியின் பக்கத்தில் அடுப்பு ஒன்றைப் பொருத்தி, மரக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டினார்கள். மேட்டில் திணறும் வண்டி, வழியில் உடையும் அச்சு, அங்கேயே கொல்லன் பட்டறையில் அடித்துச் செய்யும் உதிரி பாகம் எனப் பயணம் நகர்ந்தது.

சீனாவில் பேக்கருக்கு வாய்த்தது மருத்துவப் பக்கம். அறுவை சிகிச்சைக் குழுவில் மயக்க மருந்து கொடுக்கும் பயிற்சி பெற்ற உதவியாளராக அவர் பணியாற்றினார். பிறகு உள்நாட்டில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றைக் கவனிக்கும் பொறுப்பு வந்தது. கைவிடப்பட்டவர்கள் வாழும் இடம் அது. வெளியிலிருந்து வருவது அரிது. உள்ளே இருப்பதைக் கொண்டே காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும், கூரையை ஒட்ட வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும். கந்தல் துணிகளை அடுக்கித் தைத்துக் காலணி செய்யும் சீன வழக்கத்தைப் பேக்கர் கற்றுக்கொண்டார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப உத்தரவானபோது அவர் காலில் இருந்ததும் அத்தகைய துணிக் காலணிதான்.

பம்பாயில் கப்பல் கிடைக்கச் சுமார் மூன்று மாதம் ஆயிற்று. நண்பர் ஒருவர் வழியாகக் காந்தியின் மாலைப் பிரார்த்தனைக் கூட்டங்களுக்குப் போனார். இந்தச் சந்திப்பு 1943-இல் நடந்ததாக எழுதுவோர் உண்டு. 1942 ஆகஸ்டிலிருந்து 1944 மே வரை காந்தி சிறையில் இருந்ததால் அது பொருந்தாது. விடுதலைக்குப் பின் அவர் பம்பாயில் தங்கிய நாட்களே சரியான காலம். காந்தியின் பார்வை முதலில் பட்டது துணிக் காலணியில். எப்படிச் செய்தது, எதில் செய்தது என்று விசாரித்தார். பேச்சு காலணியிலிருந்து கட்டடத்துக்கு நகர்ந்தது. நகரத்து மாளிகை கட்ட ஆட்கள் இருக்கிறார்கள், கிராமத்து ஏழைக்கு வீடு கட்டத்தான் ஆள் தேவை என்பது காந்தி சொன்னதன் சாரம். நல்ல கிராமத்தில் நல்ல வீடு என்பது அதைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்பட்டதாக இருக்கும் என்று காந்தி கூறியதைப் பேக்கர் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார்.

இந்தச் சந்திப்பை ஒரு மகாத்மா இளைஞனுக்கு வழிகாட்டிய கதையாக மட்டும் சொல்வது வழக்கம். அங்கே பேசிக்கொண்ட இருவருமே ஆம்புலன்ஸ் தொண்டர்கள் என்பது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. 1899-இல் போயர் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் சுமார் 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டியவர் காந்தி. அதில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள். நட்டாலின் கூலி மக்களுள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. கோலென்சோ, ஸ்பியான் காப் போர்களில் காயம்பட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமந்து பல மைல் நடந்தார்கள். தொழுநோயும் இருவருக்கும் பொதுவான அனுபவம். சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற தொழுநோயாளியின் உடம்பைக் காந்தி தம் கையால் தேய்த்துவிட்டார். அந்த ஆசிரமக் குடிலோ மண்ணும் மூங்கிலும் ஓடும் கொண்டு எழுப்பியது. ஆக, காந்தி பேக்கருக்குப் புதிதாக எதையோ போதித்தார் என்பதைவிட, அவர் சீனாவில் செய்துவந்த வேலைக்குக் கட்டடக்கலையிலும் இடம் உண்டு என்று காட்டினார் என்று சொல்வதே நடந்ததற்கு நெருக்கமாக இருக்கும்.

1945-இல் பேக்கர் திரும்பி வந்தார். தொழுநோயாளர் மிஷன் அவருக்கு வேலை கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் பைசாபாத் அவருடைய தளம். அந்த நேரத்தில்தான் தொழுநோய்க்கு சல்போன் வகை மருந்துகள் புழக்கத்துக்கு வந்தன. நோயாளியை ஊருக்கு வெளியே அடைத்துவைக்க மட்டும் கட்டிய இல்லங்கள் இனி மருத்துவமனையாக மாற வேண்டும். அறை, காற்றோட்டம், அறுவைக்கூடம், பட்டறை எல்லாம் புதிதாக வேண்டும். பணமோ மிகக் குறைவு. இந்த மாற்றத்தைக் கட்டடமாக்குவது பேக்கரின் பொறுப்பு. பர்மிங்ஹாமில் படித்தது அவருக்கு இங்கே கைகொடுக்கவில்லை. கறையான் தின்னும் மரம், மழையில் கரையும் மண், லேட்டரைட் கல், சாணி மெழுகிய தரை பற்றியெல்லாம் அந்தப் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை. கிராமத்துக் கொத்தனாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிற்பாடு லக்னோவில் வெல்தி ஃபிஷர் அம்மையாரின் எழுத்தறிவு இல்லத்துக்கும் நூர் மன்சில் மனநல மையத்துக்கும் அவர் கட்டடங்கள் வடிவமைத்தார்.

பைசாபாத்தில் பழக்கமான மருத்துவர் சாண்டியின் சகோதரி எலிசபெத் ஜேக்கப். கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த அவரும் மருத்துவர். இரு வீட்டாரும் தயங்கியதால் திருமணம் தள்ளிப்போய் 1948-இல் நடந்தது. தம்பதியர் குமாவுன் மலையில் பித்தோராகர் பக்கம் போனபோது, மருத்துவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நோயாளிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அங்கேயே தங்கிவிட்டார்கள். சுமார் பதினைந்து ஆண்டுகள் மனைவி வைத்தியம் பார்க்க, கணவர் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் கட்டினார்.

பேக்கரின் உண்மையான கல்வி பித்தோராகரில் நடந்தது. சரிவிலிருந்து எடுத்த கல்லைச் செதுக்காமலேயே ஒன்றோடொன்று கவ்வும்படி அடுக்கிச் சுவர் எழுப்பும் மலைக் கொத்தர்கள், பலகைக்கல் வேய்ந்த கூரை, வெயில் விழும் பக்கம் திறந்தும் காற்றடிக்கும் பக்கம் மூடியும் நிற்கும் வீடு ஆகியவற்றை அவர் வரைந்து வைத்தார். ஒவ்வோர் ஊரின் வீட்டு வடிவமும் பல நூறு ஆண்டுகளாகச் செய்து பார்த்துத் தவறியதை ஒதுக்கித் தேறியதை வைத்துக்கொண்ட ஆராய்ச்சியின் முடிவு என்ற எண்ணம் இங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது. பழைய வீட்டை அப்படியே நகலெடுப்பது அதன் பொருளன்று. ஒரு பழக்கத்தைக் கைவிடுமுன் அது ஏன் வந்தது என்று கேட்க வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

1963-இல் குடும்பம் கேரளத்து மலையூரான வாகமண்ணுக்குப் பெயர்ந்து, 1960-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டது. பேக்கருக்கு அப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. அவர் பெயரைச் சொல்லும் கட்டடங்களில் பெரும்பாலானவை இதற்குப் பிறகு எழுந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் அந்நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் இவற்றுள் முதன்மையானது. மேடும் பள்ளமுமான பத்து ஏக்கர் நிலம், நிறைய மரங்கள். நிலத்தைச் சமன்செய்யாமல், மரத்தை வெட்டாமல், சரிவின் வளைவுக்கேற்பக் கட்டடங்கள் வளைந்து போகின்றன. உச்சியில் நூலகக் கோபுரம், பல மாடி உயரத்துக்குச் செங்கல் சுவரின் பலத்திலேயே நிற்கிறது. கணினிக் கூடத்துக்கு இரட்டைச் சுவர்: வெளிச்சுவர் முழுவதும் துளையிட்ட செங்கல் சல்லடை, உள்ளே வேலைக்கான அடைத்த அறை. ஆராய்ச்சி நிறுவனம் என்றால் கண்ணாடியும் குளிரூட்டியும் வேண்டும் என்று நம்பிய காலத்தில் இது வழக்கமான செலவைவிடக் கணிசமாகக் குறைந்த செலவில் முடிந்தது. லொயோலா கல்லூரித் தேவாலயம், ஆக்குளத்தில் சித்ரலேகா திரைப்பட வளாகம், வெள்ளநாட்டில் மித்ரநிகேதன் கட்டடங்கள், எண்ணற்ற தனி வீடுகள் தொடர்ந்தன.

தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸ் தனியாகப் பேச வேண்டிய கட்டடம். இடம் மிகக் குறுகலானது. பேக்கர் அங்கே ஓர் உருளைக் கோபுரத்தை எழுப்பி, உள்ளே சுழன்று ஏறும் சாய்தளத்தை வைத்தார். மேசையும் இருக்கையும் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டுமானத்திலேயே சேர்ந்தவை. மாடி, படிக்கட்டு என்ற பிரிவே இல்லை. தட்டேந்திய பணியாளர் ஒரே சரிவில் ஏறி இறங்குகிறார். சுவரின் துளைகள் வழியே காற்று வருகிறது, தெரு தெரிகிறது, வெயில் உறைப்பதில்லை. காபி வாரியம் வேலையைவிட்டு நீக்கிய ஊழியர்கள் ஏ.கே. கோபாலன் முயற்சியில் 1950-களின் இறுதியில் தாமே தொடங்கிய கூட்டுறவுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் அமைந்திருக்க முடியாது.

பேக்கர் முறையில் மூன்று நான்கு உத்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது எலிப்பொறிக் கட்டு. கொத்தனார்கள் ராட் டிராப் என்றே சொல்வார்கள். ஒன்பது அங்குல நீளமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, இரண்டு வரிசையாக நிறுத்தினால் நடுவே மூன்று அங்குல இடைவெளி கிடைக்கும். குறுக்கே ஒரு கல்லை வைத்து இரண்டையும் பிணைப்பார்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். கல் சுமார் 25 விழுக்காடு குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். கல்லின் முகம் சீராக இருப்பதால் பூச்சு தேவையில்லை.

இரண்டாவது ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளம் பாரத்தால் வளையும்போது மேற்பகுதி நசுங்கும், கீழ்ப்பகுதி இழுபடும். கான்கிரீட் நசுங்கலைத் தாங்கும். இழுவையைத் தாங்குவது கம்பி. அப்படியானால் கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட், கம்பியைப் பிடித்து வைத்திருப்பதற்கு மேல் அதிகம் உழைப்பதில்லை. கம்பிகளுக்கு இடைப்பட்ட அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்தால் கான்கிரீட் மிச்சம், பாரம் குறைவு, கம்பியும் குறைவு. ஓட்டுக்கிடையே நிற்கும் காற்று மேல்வெயிலைத் தணிக்கும். அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் வரிவடிவம் கூரைக்கு அழகு சேர்க்கும். இந்த உத்தி மலிவுச் சரக்கைத் தேடி வந்ததில்லை. தளத்தின் எந்தப் பகுதி உழைக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்த்ததில் வந்தது.

கதவு ஜன்னலிலும் அதே கேள்விதான். சட்டம் இல்லாமலே கதவை நேராகச் சுவரில் மாட்டலாம். சிறிய திறப்புக்கு மேலே கான்கிரீட் லிண்டல் எதற்கு? செங்கல்லை வளைவாகவோ படிப்படியாக நீட்டியோ மூடிவிடலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கா, காற்றுக்கா, வெளியே பார்ப்பதற்கா? வெளிச்சமும் காற்றும் போதும் என்றால் செங்கல் இடையே துளைவிட்ட ஜாலிச் சுவர் போதும். மரம், கண்ணாடி, கம்பி மூன்றும் மிச்சம். நாலரை அங்குலச் சுவரை நேராக எழுப்பினால் சாய்ந்துவிடும். அதையே வளைத்தோ மடித்தோ எழுப்பினால் தானே நிற்கும். பேக்கர் கட்டடங்களின் வளைவுகளைக் கலைஞரின் விருப்பம் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை. இடிக்கும் வீட்டின் கதவு, நிலை, வண்ணக் கண்ணாடி, உடைந்த ஓடு என எதையும் அவர் வீணாக்கவில்லை. சீனத்துத் துணிக் காலணியின் நீட்சியே இது.

வேலை நடத்திய முறையும் மாறுபட்டது. ஒப்பந்தக்காரரை நடுவில் வைக்காமல், பழகிய கொத்தனார் தச்சர் குழுவோடு தினமும் இடத்துக்குப் போவார். பழைய காகிதத்தின் பின்புறத்தில் வரைவார். சுவர் எழும்போதே திட்டத்தை மாற்றுவார். பொதுவாகக் கட்டடக்கலைஞரின் கட்டணம் மொத்தச் செலவில் குறிப்பிட்ட விழுக்காடாகக் கணக்கிடப்படுகிறது. செலவைக் குறைப்பவர் தம் வருமானத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார். பேக்கர் முறை பரவாததற்குச் சொல்லப்படும் பல காரணங்களில் இந்த எளிய காரணத்துக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் பேக்கரின் கையைப் பார்க்கத் தகுந்த இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய சென்னை கைவினை அறக்கட்டளை நடத்தும் இந்த வளாகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு எனத் தென்னிந்திய வீடுகளை இருந்த ஊரில் பிரித்து இங்கே கொண்டுவந்து திரும்பக் கோத்திருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு இடையே நிற்கும் பொதுக் கட்டடங்களின் வடிவமைப்பு பேக்கருடையது. அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ் பணியை நடத்தினார். காரைக்குடித் தூணுக்குப் பக்கத்தில் தம் கட்டடம் நிற்கப்போகிறது என்று தெரிந்தும், பழைய பாணியைப் போலச் செய்து காட்டாமல் செங்கல்லைச் செங்கல்லாகவே விட்டதில் பேக்கரின் அடக்கமும் துணிவும் ஒருசேரத் தெரிகின்றன.

தமிழ்நாட்டின் இன்னோர் இடமான, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையிலும் பேக்கர் முறையைப் பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பித்தோராகரும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஏற்காடு, தலைச்சோலை வட்டாரத்தின் அடித்தளம் சார்னோக்கைட் என்னும் கருங்கல். சரிவில் கல்கட்டு எழுப்பி மண்ணைத் தாங்கும் கைவேலை காபித் தோட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காபி பயிரிட்டதிலிருந்து வந்த தோட்ட பங்களாக்கள் கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்பே, மலையாளிப் பழங்குடியினர் மூங்கில் தட்டியின் மேல் மண் பூசிப் புல் வேய்ந்து வாழ்ந்தார்கள். நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம் தோட்டத்திலேயே கிடைக்கிறது. ஐந்து மைல் என்ற கணக்கில் பார்த்தால் கல், மண், மூங்கில், மரம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். இப்போதைய விடுதிகளுக்கோ சிமெண்டும் கம்பியும் கண்ணாடியும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகின்றன.

ஐந்து மைல் விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன குறை என்பதையும் இந்த மலை காட்டுகிறது. சேர்வராயன் உச்சிகளில் பாக்சைட் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அது வெட்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. அலுமினிய ஜன்னலின் மூலப்பொருள் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது என்று யாரும் வாதாடலாம். ஆனால் அதை உலோகமாக்க ஆகும் மின்சாரம் மிக அதிகம். பேக்கர் பிற்காலத்தில் தூரத்தோடு எரிசக்தியையும் கணக்கில் சேர்த்தார். சிமெண்ட், எஃகு, கண்ணாடி, அலுமினியம் ஆகியவற்றை முடிந்தவரை குறைக்கச் சொன்னது விலைக்காக மட்டுமில்லை. அவற்றை உருவாக்க எரியும் எரிபொருளுக்காகவும்தான். இந்தக் கணக்கில் செங்கல்லும் தப்பவில்லை. செங்கல் சூளை விறகைத் தின்கிறது, வயல் மண்ணைத் தின்கிறது. தாம் பெயர் பெற்றதே செங்கல்லால் என்றிருந்தும் மண் வீட்டைப் பற்றித் தனி நூல் எழுதி, மண்ணே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். சுடாத மண்கல்லைச் சிறிது சிமெண்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் முறையை ஆரோவில் மண் நிறுவனம் பின்னர் பெரிய அளவில் வளர்த்தது.

மலைக்கு ஒத்துவராத உத்திகளும் உண்டு. ஜாலிச் சுவர் திருவனந்தபுரப் புழுக்கத்துக்கு ஏற்றது. மார்கழிப் பனியில் ஏற்காட்டுப் படுக்கையறைக்கு அது வேண்டாம். பூசாத செங்கல் சுவர், பக்கவாட்டில் அடிக்கும் மழையை உறிஞ்சும். கூரை விளிம்பை நன்றாக நீட்டாவிட்டால் உட்சுவர் ஊறிப்போகும். எலிப்பொறிக் கட்டின் உள்வெளியில் எறும்பும் பூச்சியும் குடியேறுவதாகவும், பின்னால் மின்குழாய் பதிக்கச் சுவரை வெட்டுவது சிரமம் என்றும் குடியிருப்போர் குறைசொல்வதுண்டு. இவை கவனமாகக் கட்டினால் பெரும்பாலும் தீரக்கூடியவை. அந்தக் கவனத்துக்குத்தான் இன்று பஞ்சம்: பூச்சில்லாத சுவரில் கொத்தனாரின் பிழை மறையாது. தேர்ந்த கையின் கூலி உயர உயர, பொருளில் மிச்சம் பிடித்தது கூலியில் போய்விடுகிறது.

இதைவிடக் கனமான விமர்சனம் ஒன்று உண்டு. ஏழைக்காக உருவான முறையை ஆர்வத்தோடு ஏற்றவர்கள் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் அதிகாரிகளும்தான். கூரை வீட்டில் வளர்ந்தவருக்குப் பூசி வண்ணமடித்த கான்கிரீட் வீடு என்பது தலைநிமிர்வு. அவரிடம் பூசாத சுவரின் அழகைப் பேசினால் பழைய நிலையிலேயே இரு என்று சொல்வதாகத்தான் கேட்கும். பேக்கர் இதை அறியாதவரில்லை. திருவனந்தபுரத்தில் ஏழை மீனவர்களுக்கும் குடிசைவாசிகளுக்கும் அவர் வீடுகள் கட்டினார். இருந்தும் அவருடைய எண்ணம் மக்கள் வீட்டில் வேரூன்றிய அளவைவிட அறிவாளர் வீட்டில் வேரூன்றியது அதிகம் என்பது மறுக்க முடியாதது.

முறையைப் பரப்ப இரண்டு வழிகள் அமைந்தன. முதல் வழி அவருடைய சிறு கையேடுகள்: தம் கையால் எழுதி, கேலிச்சித்திரம் போன்ற படங்களோடு, செய்யக்கூடாதது ஒரு பக்கம் செய்யத் தகுந்தது மறுபக்கம் எனக் கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் புரியும்படி வெளியிட்டவை. இரண்டாம் வழி நிறுவனம். முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோரோடு சேர்ந்து 1985-இல் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பை நிறுவினார். அதே காலத்தில் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம், வீட்டுவசதிக் கழகமான ஹட்கோவின் ஆதரவோடு நாடெங்கும் கட்டட மையங்களாக விரிந்தது. தமிழ்நாட்டிலும் அவை அமைந்தன. 1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பின், இடிந்த வீட்டின் கல்லையும் மண்ணையும் கொண்டே பாதுகாப்பாகத் திரும்பக் கட்டும் வழிகளைப் பேக்கர் படங்களோடு எழுதினார்.

1980-களின் இறுதியில் அவர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. திருவனந்தபுரம் நாலாஞ்சிராவில் பாறைச் சரிவில் அவர் தமக்குக் கட்டிக்கொண்ட வீட்டின் பெயர் ஹாம்லெட். இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய செங்கல், மரம், கண்ணாடி கொண்டு தேவைக்கேற்ப ஒவ்வோர் அறையாக அது வளர்ந்தது. அவர் மறைந்தபின் விளப்பில்சாலையில் லாரி பேக்கர் வாழிட ஆய்வு மையம் தொடங்கப்பட்டு, கொத்தனார்களுக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கும் அங்கே பயிற்சி நடைபெறுகிறது.